பெயிண்ட் துப்பாக்கி ஸ்பிரிங்கும் ஒரு கிலோக் கல்லும்

எண்பது என்று எழுதியிருந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. எண்பதை ஒட்டிய ஓர் எண் என் அறிக்கையில் ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே சாரின் கையெழுத்தும் இருந்தது. நானாகப் போய் அதை அடிக்கச் சொன்னேன். வகுப்பில் என்னைக் கிறுக்கன் என்றார்கள். அப்பா அதைவிடப் பெரிய வார்த்தை சொன்னார். சொன்னவர்கள் சொல்லட்டும். நடந்ததை நான் எழுதிவைக்கிறேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. சிமெண்ட் லாரிகள் போகிற வழி என்பதால் வகுப்பறை ஜன்னலை மூடினாலும் மேசையில் மாவு படிந்திருக்கும். அங்கே மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். பாடாலூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, செட்டிகுளம் பக்கம் விளைகிற சின்ன வெங்காயத்தை வாங்கி விற்கிறார். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற கார்கள்தான் அவருக்கு வாடிக்கை.

அந்த செமஸ்டரில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கொரு ஸ்பிரிங் கொண்டுவர வேண்டும். அது என்ன உலோகம், அதன் குணங்கள் என்ன என்று சோதித்துக் கண்டுபிடித்து அறிக்கை எழுத வேண்டும். பத்து மதிப்பெண். மதிப்பெண் கிடக்கட்டும், அறிக்கையில் பாட ஆசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

ஸ்பிரிங்கை அமுக்கும்போது உண்மையில் அதன் கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கினால் ஓர் உலோகம் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று சொல்கிற எண் ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழி இயற்பியல் புத்தகத்தில் அதற்கு விறைப்புக் குணகம் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். சாதாரண ஸ்பிரிங் எஃகுக்கு அது சுமார் எண்பது. அலகெல்லாம் இங்கே வேண்டாம், எண் போதும்.

எண்பது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதுதான் சங்கடம். எங்கள் கல்லூரியில் யாரும் அளந்து விடை காண்பதில்லை. விடையை எழுதிவிட்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, என்ன அளவு வந்திருக்க வேண்டுமோ அதை அட்டவணையில் நிரப்புவார்கள். ரீடிங் சமைக்கிறது என்று அதற்குப் பெயர். சீனியரின் நோட்டு கிடைத்துவிட்டால் அடுப்புகூடப் பற்றவைக்க வேண்டாம்.

போன செமஸ்டரில் நானும் சமைத்தவன்தான். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினேன், சீனியர் கூட்டலில் செய்திருந்த தப்பையும் சேர்த்தே எழுதினேன். வகுப்பு முழுக்க அதே தப்பு. சார் எழுப்பி நிற்கவைத்தது என்னை மட்டும்.

"உங்கள மாதிரி பசங்கல்லாம் இப்படியே பாஸ் பண்ணிட்டுப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா?"

உங்களைப் போன்ற என்றால் யார்? மற்றவர்களும் அதைத்தானே எழுதினார்கள்? அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒரு மணி நேரமும் நின்றேன். உட்காரும்போது ஒன்று முடிவு செய்தேன்: அடுத்த முறை எந்தச் சீனியர் நோட்டிலும் இல்லாத ஒன்றைக் கொண்டுவருவேன், அதை நானே அளப்பேன்.

பெரியப்பா மகன் பெங்களூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறார். அங்கே கம்பெனி ஆட்கள் சனி ஞாயிறில் வந்து, முகமூடி போட்டுக்கொண்டு, பெயிண்ட் உருண்டையால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுவார்கள். அந்தத் துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்து மாட்டுவது அண்ணன் வேலை. அதற்குள்ளே சுத்தியல் என்கிற சின்ன இரும்புத் துண்டைத் தள்ளுகிற ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது, தளர்ந்துபோனால் மாற்றிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். போனில் கேட்டேன். சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்தபோது பழையது இரண்டைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துவந்தார்.

"துப்பாக்கி சாமானா?" என்று அப்பா பதறினார். "போலீசு கீலீசு வந்துறப் போவுதுடா."

"விளையாட்டுத் துப்பாக்கிப்பா. ஆரம்பத்துல மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்துல நின்னு அடையாளம் போடக் கண்டுபிடிச்சதாம்."

"மாட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் துப்பாக்கியா? பொங்கலுக்குப் பொங்கல் நான் கையாலயே அடிக்கிறேன், எந்த மாடு வேணாம்னுச்சு?"

ஸ்பிரிங் என் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். லேபில் இருக்கிற சோதனை இயந்திரம் லாரி ஸ்பிரிங்குக்கு ஆனது. இதை வைத்து அழுத்தினால் முள் அசையவே இல்லை. அதனால் நானே ஒன்று செய்தேன். பலகையில் ஒரு கம்பியைச் செங்குத்தாக நட்டு, ஸ்பிரிங்கை அதில் கோர்த்து, மேலே ஓட்டை போட்ட தகரத் தட்டு ஒன்றை வைத்தேன். தட்டில் எடைக்கல் வைத்தால் ஸ்பிரிங் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று வெர்னியரால் அளக்கலாம். எடைக்கல்லுக்கு எங்கே போவது? அப்பாவின் தராசுக் கல்லை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கினேன். அரைக்கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ. பையில் போட்டுத் தோளில் மாட்டி பஸ் ஏறினால் கண்டக்டர், "என்ன தம்பி, தேங்காயா?" என்றார்.

அளக்கும்போது உதவிக்கு நின்றவன் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிற தோழன். அரியலூர்க்காரன், அவன் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வண்டியின் பெடலிலிருந்து கழற்றிய சின்ன இழுப்பு ஸ்பிரிங் ஒன்றை அவன் கொண்டுவந்திருந்தான். கல் வந்திருக்கிறதே என்று அவனும் அதே கற்களைத் தொங்கவிட்டு அளந்துகொண்டான். அவனுக்கு விடை தொண்ணூறு வந்தது.

"தொண்ணூறா? அட போடா" என்று சொல்லிவிட்டு, அட்டவணையை எண்பதுக்குத் தோதாகத் திருத்தி எழுதிக்கொண்டான். அதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு எழுபத்தெட்டு வந்தது. எண்பதுக்கு இரண்டுதான் குறைவு. நான் எதையும் திருத்தவில்லை. கிராஃபில் அரைக்கிலோ சேர்ந்து வருகிற புள்ளிகள் மட்டும் நேர்கோட்டில் உட்காரவில்லை.

"அந்தப் புள்ளியெல்லாம் ரப்பர் போட்டு அழிச்சுடு மாப்ள. கை நடுங்கியிருக்கும்" என்றான் தோழன்.

அழித்தேன். சாரிடம் நீட்டினேன். அவர் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "எழுபத்தெட்டு. கார்பன் ஸ்டீல். ஓகே, எரர் லிமிட்டுக்குள்ள இருக்கு" என்று கையெழுத்துப் போட்டு எட்டு மதிப்பெண் எழுதினார். போன தடவை நிற்கவைத்ததை அவர் மறந்தே போயிருந்தார். எனக்குத்தான் மறக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ரஃப் நோட்டைப் பிரித்தேன். பென்சிலை அழித்திருந்தாலும் புள்ளியின் தடம் தெரிந்தது. அரைக்கிலோ வைத்தபோது ஸ்பிரிங் 4.4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அப்படியானால் ஒரு கிலோவுக்கு 8.8 இறங்க வேண்டும். இறங்கியது 7.8. இரண்டு கிலோவுக்கு அதைப் போல இரண்டு மடங்கு, சரியாக. மூன்றுக்கு மூன்று மடங்கு, சரியாக. எங்கெல்லாம் அரைக்கிலோக் கல் சேர்கிறதோ அங்கெல்லாம் புள்ளி அரை மில்லிமீட்டர் எகிறியிருந்தது. கை நடுங்கினால் அங்கும் இங்கும் நடுங்கும். ஒரே கல்லுக்கு, ஒரே பக்கமாக, ஒரே அளவுக்கு நடுங்குமா?

அரைக்கிலோக் கல் கனமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மற்ற இரண்டும் தப்பு என்று நினைக்க மனசு வரவில்லை.

மறுநாள் பெரம்பலூரில் ஒரு கூரியர் ஆபீசுக்குப் போனேன். அங்கே எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது.

"எங்க தம்பி அனுப்பணும்?" என்று கவுண்டரில் இருந்த அக்கா கேட்டார்.

"அனுப்ப இல்லக்கா. எடை மட்டும் பாக்கணும்."

பையிலிருந்து கல்லை எடுத்து வைத்ததும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடைக்கல்லுக்கே எடை பாக்க வந்த மொத ஆளு நீதான். வை, வை."

அரைக்கிலோக் கல்: ஐந்நூறு கிராம். ஒரு கிலோக் கல்: எண்ணூற்று எண்பத்தைந்து. இரண்டு கிலோக் கல்: ஆயிரத்து எழுநூற்று எழுபது.

அக்கா ஒரு கிலோக் கல்லைப் புரட்டிப் பார்த்தார். அடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. நகத்தால் சுரண்டினார். பெயிண்டுக்குக் கீழே மெழுகு. மெழுகுக்குக் கீழே என் பெருவிரல் நுழைகிற அளவுக்குக் குழி.

"யாரு கடைக் கல்லு இது?"

"தெரிஞ்சவங்க கடைக்கா" என்றேன். அந்தப் பொய்யை இன்னும் நினைத்துக் கூசுகிறேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் நிழலில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். உண்மையான எடையைப் போட்டால் எல்லாப் புள்ளியும், நான் அழித்தவை உட்பட, ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. நூல் பிடித்தது போல. விடை அறுபத்தொன்பது.

அறுபத்தொன்பது கார்பன் எஃகு இல்லை. போனில் தேடினேன். ஸ்பிரிங்குக்கென்று இழுக்கப்படுகிற ஸ்டெயின்லெஸ் கம்பிக்குத்தான் அறுபத்தொன்பதை ஒட்டி வரும் என்று போட்டிருந்தது. அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணே, அந்த ஸ்பிரிங் துருப்பிடிக்குமா?"

"அது எங்கடா துருப்பிடிக்குது? பெயிண்ட்டுல ஊறும், மழையில கெடக்கும், தொடைச்சா பளபளன்னு வந்துரும். ஸ்பிரிங்க வச்சுக்கிட்டு என்னடா பண்ற, இன்னும் முடியலயா?"

முடியவில்லை. இரண்டாவது ஸ்பிரிங்கையும், ஒரு பழைய சைக்கிள் ஸ்பிரிங்கையும் தனித்தனி டம்ளர் உப்புத் தண்ணீரில் போட்டு அலமாரியில் வைத்தேன். பிறகு தோழனின் எண்ணையும் திருத்திப் பார்த்தேன். அவனுக்கு வந்த தொண்ணூறைக் குறைந்த எடைக்குச் சரிசெய்தால் எண்பது. முழு எண்ணாக்கினால் சரியாக எண்பது. அதே கல், அதே அளவு குறை, அவனுடையது கார்பன் எஃகு, என்னுடையது இல்லை. இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. ஆனால் அதைச் சாரிடம் காட்டினால் அவன் சமைத்தது வெளியே வரும்.

ஆக, என் முன்னால் இருந்தது இதுதான். எழுபத்தெட்டு என்ற பொய்க்குக் கையெழுத்தும் எட்டு மதிப்பெண்ணும் இருந்தன. அறுபத்தொன்பது என்ற உண்மைக்கு ஒன்றும் இல்லை. அதைச் சொல்லப் போனால் முதல் எண் எப்படித் தப்பானது என்று எழுத வேண்டும். எழுதினால் அப்பாவின் கல்லை எழுத வேண்டும்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்க் கல்லை அப்பா முன்னால் கவிழ்த்து வைத்தேன். அம்மா ஒரு பக்கம் வெங்காயத்துக்கு வால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னப்பா?"

அப்பா குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சுரண்டினியா? அதுக்கு இன்னொரு தடவ மெழுகு ஊத்தணும்."

"கிலோவுக்கு நூத்திப் பதினஞ்சு கிராம் குறையுது."

"தெரியும். நான்தான லேத்துல குடுத்துக் குடைஞ்சேன். எனக்குத் தெரியாதா?"

மறுப்பார், அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"கார்ல வர்றவன் ஒரு கிலோ வாங்கிட்டுச் சும்மாவா போறான்? கொசுறு குடுன்றான். நான் ஒரு கை போட்டா, அவன் ஒரு கை அள்ளிப் பையில போட்டுக்குறான். அந்தக் கொசுறு எங்கேந்து வரும்? கல்லுல எடுக்குறேன், கையில குடுக்குறேன். அங்கயும் சரி, இங்கயும் சரி. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. அப்பாவின் ஒரு கை அள்ளல் நூறு கிராமுக்கு மேலேயே இருக்கும்.

"கொசுறு கேக்காதவனுக்கு?"

"கேக்காதது அவன் தப்பு."

வகுப்பில் தலை குனிந்து நின்ற அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஞாபகம் வந்தது. நானும் கேட்காதவன்தான். கேட்காதவன் தலையில்தான் எல்லாரும் குறைத்து நிறுக்கிறார்கள், அதில் என் அப்பாவும் ஒருவர்.

"நான் இத ரிப்போர்ட்டுல எழுதப்போறேன்ப்பா."

"எதை?"

"கல்லு குறைச்சலா இருந்துச்சுன்னு."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அந்தப் பெரிய வார்த்தையும் அப்போதுதான் வந்தது. அதை எழுத மாட்டேன். "இந்தக் கல்லுதான்டா உன்னப் படிக்க வைக்குது. படிச்சுட்டு வந்து கல்லுலயே குத்தம் புடிக்கிறியா? உன் காலேஜுல உக்காந்துகிட்டு எங்கப்பன் திருடன்னு எழுதப்போறியா?"

"பேரு எழுத மாட்டேன். கடைக் கல்லுன்னு எழுதுவேன். அடி குடைஞ்சிருந்துச்சுன்னு எழுதுவேன்."

"ரெண்டு பேரும் கல்லத் தூக்கி மண்டையில போட்டுக்காதீங்க" என்றார் அம்மா, அறுப்பதை நிறுத்தாமல்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா, "எழுதினத வாசி" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: பயன்படுத்திய கடை எடைக்கற்களில் இரண்டு, அடிப்பகுதி குடையப்பட்டிருந்ததால், குறிக்கப்பட்ட எடையைவிடக் குறைவாக இருந்தன. இதனால் முதலில் பெற்ற விடை தவறானது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கொசுறு எங்க?"

"என்னது?"

"குறைச்சத எழுதியிருக்க. குடுத்தத எழுதலியே. அதையும் எழுது. கைநிறைய அள்ளிக் குடுக்குறாங்கன்னு எழுது."

"ஸ்பிரிங் மேல நீங்க ஒண்ணும் அள்ளி வைக்கலயேப்பா. கல்ல மட்டுந்தான வச்சேன்."

"அப்ப அது பாதிக் கணக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் நான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சரக்கு எடுக்கப் போனபோது கடையில் நான் உட்கார்ந்தேன். ஒரு கிலோ கேட்டவர்களுக்கு அரைக்கிலோக் கல்லை வைத்து இரண்டு தடவை நிறுத்தேன். இரண்டு கிலோ கேட்டவர்களுக்கு நாலு தடவை. ஒரு கார்க்காரர் பொறுமையிழந்து, "ஏம்பா, கிலோக் கல்லு இல்லியா?" என்றார். "இருக்கு சார், சரியில்ல" என்றேன். கொசுறு கேட்டார். "இன்னைக்குக் கல்லு சரியா இருக்கு, கொசுறு இல்ல" என்றேன். முனகிக்கொண்டே போனார். அப்பா திரும்பி வந்து கொஞ்சநேரம் நின்று பார்த்தார். "இப்படி நிறுத்தா அடுத்த பொங்கலுக்குத்தான் மூட்டை காலியாகும்" என்றார். ஆனால் கல்லை என் கையிலிருந்து வாங்கவில்லை.

திங்கட்கிழமை, புதிதாக எழுதிய அறிக்கை, ஸ்பிரிங், இரண்டு டம்ளர், கம்பித் தடிமன் அளக்க லேபிலிருந்து வாங்கிய ஸ்குரூ கேஜ், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். தோழன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"மாப்ள, உன்னக் கெஞ்சிக் கேக்குறேன். என் பேர இழுத்துடாத."

"இழுக்க மாட்டேன்."

சார் அறிக்கையைப் புரட்டினார். "நான்தான் சைன் பண்ணிட்டேனே. இது எதுக்கு?"

"அந்த வேல்யூ தப்பு சார். அறுபத்தொன்பது."

"எழுபத்தெட்டு சரியா இருந்துச்சே. சரியா இருந்தத எதுக்குத் தப்பாக்கிட்டு வர்ற?"

"எண்பதுக்குப் பக்கத்துல இருந்துச்சு சார். சரியா இல்ல. இது ஸ்டெயின்லெஸ்."

மேசையில் குண்டூசி ஒட்டிவைக்கிற காந்தம் ஒன்று இருந்தது. அதை எடுத்து ஸ்பிரிங்கிடம் கொண்டுபோனார். ஸ்பிரிங் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. "காந்தம் ஒட்டுது. ஒட்டினா ஸ்டெயின்லெஸ் இல்ல. பாத்திரக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியும்."

"கம்பியாக் குளிர இழுக்கும்போது லேசாக் காந்தம் ஒட்டும் சார். படிச்சேன். சைக்கிள் ஸ்பிரிங்ல ஒட்டிப் பாருங்க, வெடுக்குன்னு இழுக்கும். இது மெதுவா வருது." டம்ளர்களை நகர்த்தி வைத்தேன். ஒன்றில் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறி, சைக்கிள் ஸ்பிரிங் பொரிந்து கிடந்தது. இன்னொன்றில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

சார் டம்ளரைப் பார்த்தார். பேச்சை மாற்றினார். "சரி, உனக்கு எண்பது வரலன்னு கவலை, அவ்வளவுதான? கம்பி விட்டம் என்ன எழுதியிருக்க, ஒண்ணு புள்ளி ரெண்டா? ஒண்ணு புள்ளி ஒண்ணு ஆறுன்னு போடு. விட்டம் ஃபார்முலால கீழ, வகுக்குற பக்கம், நாலு தடவை பெருகும். நூறுல நாலு பங்கு குறைச்சா விடை எண்பதுக்கு ஏறிடும். யாரு வந்து அளக்கப் போறா?"

ஸ்குரூ கேஜை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"நீங்க அளங்க சார்."

அறையில் வேறு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாருக்கு வேறு வழியில்லை. வாங்கி அளந்தார். இன்னோர் இடத்தில் அளந்தார். ஸ்பிரிங்கைத் திருப்பி மூன்றாவது இடத்தில் அளந்தார். மூன்று தடவையும் ஒன்று புள்ளி இரண்டு பூஜ்யம்.

"அப்ப முன்னாடி எழுபத்தெட்டு எப்படி வந்துச்சு?"

"கல்லு குறைச்சல் சார். கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்."

வாசித்தார். "யார் கடைக் கல்லு இது?"

கூரியர் ஆபீசில் கேட்ட அதே கேள்வி. கதவுக்கு வெளியே தோழன், உள்ளே இரண்டு டீ டம்ளர்கள், எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"எங்கப்பா கடைக் கல்லு சார். அவரே குடைஞ்சது."

யாரோ டீ டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. சார் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் ரிப்போர்ட்டுல எழுதணுமாப்பா?"

"எதனால தப்பு வந்துச்சுன்னு எழுதச் சொல்லி நீங்கதான் சார் பக்கம் ஒதுக்கியிருக்கீங்க. எல்லாரும் அதுல காத்து, வெயில், கண் பார்வைன்னு எழுதுறாங்க. எனக்கு வந்த தப்பு இதுதான்."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். "புதுசுல கையெழுத்துப் போட்டா பழசுல போட்டத நான் அடிக்கணும். என் கையெழுத்த நானே அடிக்கணும், அதுக்கு ஹெச்.ஓ.டி.கிட்ட விளக்கம் சொல்லணும். புரியுதா? பேசாம பழசையே வச்சுக்க. ஹால் டிக்கெட் வந்துடும். எட்டு மார்க் இருக்கு. உனக்கு என்னதான் வேணும்?"

போன செமஸ்டரில் கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது. இந்த முறை கேட்டேன்.

"போன தடவை எல்லாரும் பாத்து எழுதினப்ப என்ன மட்டும் நிக்க வச்சீங்க சார். உங்கள மாதிரி பசங்கன்னு சொன்னீங்க. இந்தத் தடவை நான் யாரையும் பாத்து எழுதல. அளந்து எழுதியிருக்கேன். அடிங்க சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. கையெழுத்தே போட மாட்டேன் என்று அவர் அறிக்கையைத் தூக்கி எறிந்திருந்தால் ஒரு வருஷம் போயிருக்கும். அப்படிப் போனாலும் எழுபத்தெட்டு என்று எழுதியிருக்க மாட்டேன் என்று இப்போது சொல்ல முடிகிறது. அந்த நிமிஷத்தில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

சார் என்னைப் பார்த்தார். பிறகு பழைய அறிக்கையை இழுத்து, தன் கையெழுத்தின் மீது குறுக்கே ஒரு கோடு போட்டார். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது. புதியதில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் விட்டம் சரிபார்க்கப்பட்டது என்று எழுதினார். மதிப்பெண் ஆறு.

"ரெண்டு மார்க் எதுக்கு சார் குறைச்சீங்க?"

"கேக்குறியா?"

"கேக்குறேன் சார்."

"லேட் சப்மிஷன்."

அது நியாயம். தேதி தாண்டியிருந்தது. "தேங்க்ஸ் சார்" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தோழன் ஓடிவந்து அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தான். "எட்ட குடுத்து ஆற வாங்கின மொத ஆளு நீதான்டா. என் பேர சொன்னியா?"

"இல்ல."

அவனுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்தது. "யோசிச்சுப் பாரு மாப்ள. எனக்குத் தொண்ணூறு வந்துச்சு, எண்பதாக் குறைச்சேன். உனக்கு எழுபத்தெட்டு வந்துச்சு, அறுபத்தொன்பதாக் குறைச்ச. ரெண்டு பேரும் குறைக்கத்தான செஞ்சோம்? எனக்கு எட்டு, உனக்கு ஆறு. இதுக்கு எதுக்குக் கூரியர் ஆபீசு, உப்புத்தண்ணி, அப்பாகிட்ட ஏச்சு?"

"உன் எண்பது சரியான விடைதான்டா."

"பாத்தியா! நானே சொன்னேன்ல?"

"எப்படிச் சரின்னு சொல்லு."

தொண்ணூறு, எண்பது என்று விரல் மடக்க ஆரம்பித்தான். அதற்குள் பெல் அடித்துவிட்டது. அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் நான் வகுப்புக்குள் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.